வேலூர்க் கல்லூரியில் இணைய வானொலி: டவர் இல்லாமல் தொடங்குவது எப்படி?

காட்பாடி, பாகாயம், சேர்க்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கல்லூரி வாசலைக் கடக்காமல் வேலூரில் பஸ் போகாது. ஏதாவது ஒரு கல்லூரியில் நாலு பேர் கூடி, “நாமளே ஒரு ரேடியோ ஆரம்பிச்சா என்ன?” என்று பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். பேச்சு எந்த மைக் வாங்கலாம் என்பதில் தொடங்கும், ஸ்டேஷனுக்கு என்ன பெயர் என்பதில் சண்டையாகும், செமஸ்டர் தேர்வு வந்ததும் அப்படியே நின்றுபோகும். அந்த நாலு பேருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒலிபரப்பைத் தொடங்குவது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. கேட்க ஆள் சேர்ப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். பலரும் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு, கருவிகளிலேயே எல்லாப் பணத்தையும் தெம்பையும் செலவழித்துவிடுகிறார்கள்.

எஃப்எம்மா, இணையமா?

வளாக வானொலி என்றதும் தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அண்ணா எஃப்எம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னதும், கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2002 கடைசியில் முடிவெடுத்ததும் அதற்கு வழி திறந்தன. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது.

அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது கல்லூரி நிர்வாகம். மாணவர் மன்றம் போட முடியாது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி, அலைவரிசை ஒதுக்கீடு, டவருக்கான ஒப்புதல், கடைசியில் இயக்க உரிமம் என்று கோப்பு பல மேசைகளைத் தாண்ட வேண்டும். இரண்டாம் ஆண்டில் நீங்கள் தூண்டிவிட்டால், பட்டம் வாங்கிப் போன பிறகு ஒலி வரலாம். வந்த பிறகும் வரம்புகள் உண்டு. திறன் 100 வாட், ஆண்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டர். சமவெளியில் 10, 15 கிலோமீட்டர் வரை எட்டும். வேலூரோ சுற்றிலும் குன்று சூழ்ந்த ஊர். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குச் சரியாகப் போய்ச் சேராது. செய்தி வேண்டுமென்றால் ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது.

இணையத்தில் அலைவரிசை எதையும் பயன்படுத்தாததால் அலைவரிசை உரிமம் என்ற பேச்சே இல்லை. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததிலிருந்து, கேட்பவருக்கும் இது பெரிய செலவில்லை. போதாததற்கு, ஹெட்போன் ஒயரையே ஆண்டெனாவாக வைத்து எஃப்எம் பிடித்த போன்கள் குறைந்துவிட்டன. புதிய போன்கள் பலவற்றில் ஒயர் செருகும் துளையே கிடையாது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் போனில் எஃப்எம் வருகிறது என்று கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்க மாணவர் வானொலிகள் இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போனவை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டபிள்யூஎக்ஸ்ஒய்சி 1994 நவம்பர் 7 அன்றே தன் எஃப்எம் ஒலிபரப்பை இணையத்திலும் விட்டது. அப்போது இணையம் ஒரு கூடுதல் வசதி மட்டும். 2011 வாக்கில் கதை மாறியது. ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம், மாணவர்கள் நடத்திய கேடிஆர்யூவின் எஃப்எம் உரிமத்தை ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் விற்றது. அதே ஆண்டு நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்களின் டபிள்யூஆர்வியூவும் அலைவரிசையை இழந்து இணையத்துக்கு மட்டும் சுருங்கியது. மாணவர்கள் போராடினார்கள். ஒலிபரப்பு எங்கும் நிற்கவில்லையே, பிறகு எதற்குப் போராட்டம் என்று கேட்கத் தோன்றும். காரில் போகிற ஒருவர் குமிழைத் திருப்பும்போது தற்செயலாக அந்த ஸ்டேஷனில் வந்து விழுவார். அந்த வழி அடைபட்டுப் போனது. கேடிஆர்யூ பிறகு 2015-இல் குறைந்த திறன் கொண்ட ஒரு எஃப்எம் அலைவரிசையைத் தேடிப்பிடித்துக் காற்றுக்குத் திரும்பியது.

நமக்கு இழக்க அலைவரிசை இல்லை. ஆனாலும் அவர்களுக்கு நேர்ந்தது நமக்கும் பொருந்தும்: இணைய வானொலியில் யாரும் தற்செயலாக வந்து விழமாட்டார்கள். கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியும் அறையும்

முதல்வரிடம் போகும்போது பெரிய திட்ட அறிக்கை வேண்டாம். மூன்று விஷயம் கேளுங்கள்: பொறுப்பேற்க ஒரு பேராசிரியர், பூட்டுகிற கதவுள்ள ஒரு சின்ன அறை, கல்லூரியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி. மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நேரலையில் யார் பேசலாம், பதிவு செய்த நிகழ்ச்சியை ஒலிபரப்புக்கு முன் யார் கேட்பார்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரியில் சேர்த்துவிட்டால், பின்னால் வரும் பாதிப் பிரச்சினை வராது.

அறையைப் பொறுத்தவரை நம் ஊரில் எதிரி ஒன்றுதான், வெயில். சித்திரை, வைகாசியில் மூடிய அறையில் மின்விசிறி இல்லாமல் கால் மணி நேரம் உட்கார முடியாது. மின்விசிறி ஓடினால் மைக் அதைத்தான் முதலில் கேட்கும். எனவே அறை தேடும்போது இதைச் செய்யுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, யாரும் பேசாமல் அரை நிமிடம் இருங்கள். பிறகு ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். காதுக்குப் பழகிப்போனதால் கவனிக்காத சத்தமெல்லாம் வெளியே வரும்: டியூப்லைட் சோக்கின் ரீங்காரம், பக்கத்து ஆய்வகத்து ஏசி, மாடியில் நாற்காலி இழுக்கும் ஓசை, காட்பாடிப் பக்கம் என்றால் தூரத்தில் ரயில் ஹாரன். தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த, சாமான் நிறைந்த அறை கிடைத்தால் விடாதீர்கள். நூலகத்தின் பழைய புத்தக அறை அருமையான ஸ்டுடியோ. புத்தக அலமாரி எதிரொலியை விழுங்கிவிடும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது பரவலான பழக்கம். அதனால் வெளிச்சத்தம் துளியும் குறையாது, தூசி சேர்வதுதான் மிச்சம். பழைய கம்பளியும் மெத்தையும் அதைவிட எவ்வளவோ நல்லது.

மின்விசிறிக்கு வழி: பேசும் அரை மணி நேரம் நிறுத்துங்கள், பாட்டோ பதிவோ ஓடும்போது போடுங்கள். நிகழ்ச்சியைக் காலை ஏழு மணிக்கோ இரவு ஒன்பது மணிக்கோ வைத்தால் இன்னும் எளிது.

என்ன வாங்குவது?

குறைவாக. கல்லூரி ஆய்வகத்தில் ஓரம்கட்டிய ஒரு கணினி, ஒரு மைக், மைக் தாங்கி, காதை மூடும் ஹெட்போன், ஒரு சின்ன யுபிஎஸ். இவ்வளவுதான். கடைக்காரர் கண்டென்சர் மைக்கைத்தான் காட்டுவார். அது அறையில் உள்ள எல்லாவற்றையும் கேட்கிற மைக், அமைதியான ஸ்டுடியோவுக்கு உரியது. நமக்கு டைனமிக் மைக் போதும். வாய்க்கு எதிரில் இருப்பதை மட்டும் நன்றாக வாங்கிக்கொள்ளும், மின்விசிறியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி வகையும் மிக்சரில் செருகும் எக்ஸ்எல்ஆர் வகையும் ஒரே மைக்கில் இருப்பது கிடைக்கிறது. அதை வாங்கினால் பிறகு மிக்சர் வரும்போதும் பயன்படும். இரண்டு பேர் சேர்ந்து பேசும் நிகழ்ச்சி தொடங்கும்வரை மிக்சர் வேண்டாம்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் “பாப்பா”, “பம்பரம்” என்று சொல்லும்போதெல்லாம் காற்று ‘பொத் பொத்’ என்று மோதும். சாதாரணமாகப் பேசும்போது மென்பொருளில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் ஆடட்டும். வெடித்துச் சிரித்தாலும் மைனஸ் 6-ஐத் தாண்ட வேண்டாம். சிவப்பைத் தொட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

ஒலி போகும் பாதை

இங்குதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் கணினியிலிருந்து ஒரே ஒரு ஒலியோடை வெளியிலுள்ள ஒரு சர்வருக்குப் போகும். அந்த சர்வர் அதைப் பிரதி எடுத்துக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அனுப்பும். கேட்பவர் பத்துப் பேரானாலும் ஆயிரம் பேரானாலும் கல்லூரியிலிருந்து போவது அந்த ஒரு ஓடைதான். ஆகவே கல்லூரி இணையம் மெதுவாக இருக்கிறதே என்ற கவலை தேவையில்லை. ஒரு போன் ஹாட்ஸ்பாட்டே தாங்கும். சுமை எல்லாம் சர்வருக்கு.

சர்வரில் ஓடும் மென்பொருளில் பழையதும் நம்பகமானதும் ஐஸ்காஸ்ட். இலவசம். 1990-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. அதைக் கல்லூரி ஆய்வகக் கணினியிலேயே நிறுவிவிடலாமே என்று கணினித் துறை நண்பர் ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். கல்லூரி நெட்வொர்க்குக்குள் இருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து யாரும் நேராக வர முடியாது. வரவைக்க நெட்வொர்க் பொறுப்பாளரிடம் நடையாக நடக்க வேண்டும். மாத வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுங்கள். மும்பையிலோ பெங்களூரிலோ டேட்டா மையம் உள்ளதாகப் பாருங்கள். சர்வர் வேலையே வேண்டாம் என்றால் ஜீனோ எஃப்எம் போன்ற தளங்கள் ஓடையை இலவசமாக ஏற்றிக்கொள்கின்றன. பதிலுக்கு அவர்கள் விளம்பரம் நுழையும். தொடங்கிப் பழக அது போதும். நாள் முழுவதும் பட்டியல் போட்டு ஓட்ட நினைக்கும் குழுவுக்கு அஸுராகாஸ்ட் வசதியானது. அதில் ஐஸ்காஸ்டும் சேர்ந்தே வரும், இதுவும் இலவசம், ஆனால் சற்றுப் பெரிய சர்வர் கேட்கும்.

ஐஸ்காஸ்டை நீங்களே நிறுவினால் இரண்டு அமைப்புகளை அன்றே மாற்றுங்கள். முதலாவது, கடவுச்சொல். அது ‘ஹேக்மி’ என்ற சொல்லோடுதான் வரும். என்னை ஹேக் செய் என்று தானே அழைக்கிறது. மாற்றாமல் விட்டால் உங்கள் ஸ்டேஷனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, கேட்பவர் வரம்பு. அது 100-இல் நிற்கும். கல்லூரி விழா நாளில் 101-ஆவது ஆள் வரும்போது, ஏன் கேட்கவில்லை என்று யாருக்கும் புரியாது.

கணினியிலிருந்து ஓடையை அனுப்ப ‘பட்’ என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. அதில் சர்வர் முகவரி, போர்ட் என்ற வாசல் எண் (பெரும்பாலும் 8000), கடவுச்சொல், மவுண்ட் பாயிண்ட் (சர்வரில் உங்கள் ஓடைக்கான பெயர்) என்ற நாலு கட்டத்தை நிரப்பி, பிளே பொத்தானை அழுத்தினால் நீங்கள் நேரலையில் இருக்கிறீர்கள். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கல்லூரி நெட்வொர்க்கின் காவல்காரனான ஃபயர்வால்மேல். 8000 போர்ட்டைப் பல கல்லூரிகளில் அடைத்து வைத்திருப்பார்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் போனால் கோளாறு ஃபயர்வாலில்தான். பாட்டும் பேச்சும் மாறிமாறிக் கலக்க வேண்டுமானால் மிக்ஸ் என்ற இலவச மென்பொருளிலிருந்தே நேராக ஐஸ்காஸ்டுக்கு அனுப்பலாம். பதிவை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி.

எந்தத் தரத்தில் அனுப்புவது? பேச்சு அதிகமுள்ள ஸ்டேஷனுக்கு மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) நொடிக்கு 64 கிலோபிட் தாராளம். கணக்குப் போட்டால் கேட்பவருக்கு மணிக்கு 29 எம்பிக்கும் குறைவு. தினம் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. 128-க்குப் போனால் செலவு இரட்டிப்பாகும், பேச்சில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சர்வர் பக்கம் பார்த்தால், ஒரே நேரத்தில் 100 பேர் கேட்டால் நொடிக்கு 6.4 மெகாபிட். மாதம் ஒரு டெராபைட் தரும் சர்வரில், ஒருவர் ஒரு மணி நேரம் கேட்பதை ஒன்றாக எண்ணினால், மாதத்துக்கு 34,000 மணி நேரத்துக்குமேல் வரும். முதல் ஆண்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட உங்களுக்குச் செலவாகாது. வகைக்கு எம்பி3-யே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பழைய போனிலும் ஓடும்.

இன்னும் மூன்று தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன், மூன்றும் எல்லாருக்கும் வரும். முதலாவது மௌனம். மின்சாரம் போனாலோ ஹாட்ஸ்பாட் அறுந்தாலோ கேட்பவர் துண்டிக்கப்படுவார், மறுபடி வரமாட்டார். ஐஸ்காஸ்டில் ‘ஃபால்பேக் மவுண்ட்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது: நேரலை அறுந்ததும் சர்வரில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் பதிவு ஓடைக்கு ஆளைத் தானே நகர்த்தும், நேரலை திரும்பியதும் கூட்டிவரும். அதைப் போடாமல் தொடங்காதீர்கள். இரண்டாவது, முகவரி https என்று தொடங்கும் இணையப் பக்கத்தில் வெறும் http ஓடையை வைத்தால் பிரவுசர் ஓட்டாது. ஓடைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 443 போர்ட் வழியாக அனுப்பினால் ஃபயர்வால் தொல்லையும் சேர்ந்து தீரும். மூன்றாவது, தாமதம். நீங்கள் பேசுவது கேட்பவர் காதில் விழப் பத்து நொடியோ அரை நிமிடமோ பிந்தும். “இப்போது மணி சரியாக எட்டு” என்ற வானொலிப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அறையில் ஸ்பீக்கரில் உங்கள் ஓடையைப் போட்டுக் கேட்கவும் வேண்டாம். அது மைக்கில் ஏறி நீங்கள் பேசியதே திரும்பத் திரும்பச் சுற்றும்.

சினிமாப் பாட்டு இல்லாமலா?

ஆமாம், இல்லாமல்தான். எல்லாக் குழுவும் இங்கே முகம் சுளிக்கும். காரணத்தைக் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 31டி பிரிவு, வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பாளர்கள் முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த கட்டணம் கட்டிப் பாட்டுப் போட வழி செய்கிறது. இணைய ஒலிபரப்புக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஆகவே சினிமாப் பாட்டுக்கு எழுத்து, இசை ஒரு பக்கம், ஒலிப்பதிவு இன்னொரு பக்கம் என்று உரியவர்களிடம் தனித்தனி உரிமம் வாங்க வேண்டும். மாணவர் மன்றத்துக்குக் கட்டுப்படியாகாது. பத்து நொடி போட்டால் தப்பில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது; சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

இது ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்பது என் எண்ணம். சினிமாப் பாட்டு கேட்க யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. அதற்கு அவரவர் போனில் ஆயிரம் வழி இருக்கிறது. உங்களிடம் மட்டும் கிடைக்கும் ஒலி எது என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் வருகிறதே, அதுதான் லாபம்.

வடார்க்காட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம், தீமிதி. மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து எழும் அந்த ஒலி எந்த ஆப்பிலும் உங்கள் ஊர்க் குரலோடு கிடைக்காது. கூத்து வாத்தியாரிடம் முன்கூட்டியே போய்ப் பேசி, எதற்குப் பதிவு செய்கிறோம், எங்கே ஒலிக்கும் என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கலைஞரின் குரலும் அவருடைய சொத்துதான். கோயில் திடலில் பாடினார் என்பதற்காக இலவசமாகிவிடாது.

பாரதி பாடல்கள் நாட்டுடைமை; உங்கள் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் மெட்டில் பாடினால் எந்தத் தடையும் இல்லை. ஏற்கனவே வெளிவந்த இசைத்தட்டை ஓட்டினால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு, கவனம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் படிக்கக் கிடைக்கின்றன. வாசிப்பு நிகழ்ச்சிக்கு அது பெரிய புதையல். கல்லூரி இசைக்குழுவின் சொந்தப் பாட்டு, பிறர் பயன்படுத்தப் படைத்தவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் இசை இவற்றை இடைவெளிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம் போதும்

24 மணி நேர ஸ்டேஷன் என்று அறிவிக்காதீர்கள். 24 மணியை நிரப்ப என்ன வேலை என்று தெரியாதவர்கள் செய்கிற அறிவிப்பு அது. வாரத்தில் ஐந்து நாள், அதே நேரம், ஒரு மணி நேரம். அதில் இருபது நிமிடம் முன்பே பதிவு செய்தது, இருபது நிமிடம் நேரலை, மீதி கேட்பவர் அனுப்பிய குரல் செய்திகள். வாட்ஸ்அப் குரல் செய்தியை இறக்கி, ஆடாசிட்டியில் போட்டு, முன்னும் பின்னும் உள்ள இருமலை வெட்டிவிட்டு ஒலிபரப்பலாம். நேரலை போன் அழைப்பைவிட இது பாதுகாப்பு. முன்பே கேட்டுவிட்டுத்தானே போடுகிறோம்.

விஷயத்துக்கு எங்கே போவது? செமஸ்டர் அட்டவணை மாற்றம், அரியர் கட்டணக் கடைசித் தேதி, காணாமல் போன ஐடி கார்டு. இவை அலுப்பானவை என்று நினைக்காதீர்கள், முதலில் ஆளை இழுப்பது இவைதான். அப்புறம் வெளியே வாருங்கள். ஜூலை 10 வந்தால் 1806 சிப்பாய்ப் புரட்சி. கோட்டைக்குள் நடந்தபடி, எந்தச் சுவரோரம் என்ன நடந்தது என்று ஒரு வரலாற்று மாணவர் பேசினால் அது நல்ல இருபது நிமிடம். தை, மாசியில் காளை விடும் விழா. இலவம்பாடி முள்கத்திரிக்காய் விலை ஏன் இந்த வாரம் ஏறியது என்று நேதாஜி மார்க்கெட்டில் ஒரு வியாபாரியிடம் கேட்கலாம். மார்க்கெட்டில் பதிவு செய்யும்போது போன் போதும், ஆனால் மைக்கை அவர் தாடைக்கு அருகில் பிடிக்கக் கூசாதீர்கள். தள்ளி நின்றால் கிடைப்பது இரைச்சல் மட்டும். பேட்டி முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா நின்று சந்தைச் சத்தத்தைத் தனியே பதிந்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டும்போது இடைவெளியை மறைக்க உதவும்.

அரசியல், புகார், யாரையாவது பெயர் சொல்லித் தாக்குவது என்று வந்தால் நேரலை வேண்டாம். உரிமம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று ஆகாது. அவதூறுச் சட்டம் இணையத்துக்கும் உண்டு, செய்தி வெளியிடும் இணைய ஊடகங்களுக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளும் உண்டு. பொறுப்புப் பேராசிரியர் எதற்கு இருக்கிறார்? முன்பே கேட்கக் கொடுங்கள்.

கேட்பவர் எங்கே?

ஆப் செய்யாதீர்கள். ஒரு ஸ்டேஷனைக் கேட்க யாரும் ஆப் இறக்கமாட்டார்கள். திறந்ததும் ஒரே ஒரு பிளே பொத்தான் தெரிகிற இணையப் பக்கம் போதும். அதன் சுட்டியைக் கியூஆர் குறியாக அச்சடித்து, மனிதர்கள் சும்மா காத்திருக்கும் இடங்களில் ஒட்டுங்கள். கேன்டீன் மேசை, விடுதி மெஸ் வரிசை, பஸ் நிறுத்தம், ஜெராக்ஸ் கடை. அறிவிப்புப் பலகையில் ஒட்டி எந்தப் பயனும் இல்லை. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் காதில் இயர்போனோடு நிற்பவர்கள்தான் உங்கள் இயல்பான நேயர்கள். அந்தப் பயண நேரத்துக்குப் பொருந்துமாறு நிகழ்ச்சி நேரத்தை வைத்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

வேலூரில் தமிழ் மட்டும் காதில் விழுவதில்லை. ஆந்திர எல்லை பக்கம் என்பதால் தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் கடைகளிலும் வங்காளியும் இந்தியும். கல்லூரியில் கொல்கத்தா மாணவர் ஒருவர் இருந்தால், மருத்துவமனைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு வாரம் அரை மணி வங்காளியில் பேசச் சொல்லுங்கள். ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள், சமைக்க மீன் எங்கே கிடைக்கும், எந்த பஸ் எங்கே போகும். நோயாளிகளிடம் மைக்கை நீட்ட வேண்டாம். தகவல் சொன்னால் போதும். கியூஆர் தாளை அந்த விடுதிகளின் வரவேற்பு மேசையில் வைக்க யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஒலிபரப்பிய நிகழ்ச்சியை அன்றிரவே பாட்காஸ்டாகப் பதிவேற்றுங்கள். நேரலையில் பன்னிரண்டு பேர் கேட்டதை ஒரு வாரத்தில் இருநூறு பேர் கேட்பது இணையத்தில் இயல்பு. ரேடியோ கார்டன் தளத்தில் உலக உருண்டையில் வேலூர்மேல் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிய விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கு அது பிடிக்கும், அவர்களிடம் சர்வர் வாடகை கேட்பதும் சுலபமாகும். கேட்பவர் எண்ணிக்கையை ஐஸ்காஸ்ட் காட்டிக்கொண்டே இருக்கும். அதையே பார்த்துக்கொண்டு மனம் தளராதீர்கள். வாரத்துக்கு எத்தனை குரல் செய்தி வந்தது என்பதை எண்ணுங்கள்.

அடுத்த பேட்சுக்குக் கொடுப்பது

மாணவர் வானொலிகள் பணமில்லாமல் நிற்பதைவிட, கடவுச்சொல் தெரிந்தவர் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனதால் நிற்பதுதான் அதிகம். டொமைன் பெயர், சர்வர் கணக்கு, பாட்காஸ்ட் கணக்கு எல்லாம் முதல்நாளே அந்தக் கல்லூரி மின்னஞ்சலில் பதிவாகட்டும். யாருடைய சொந்த ஜிமெயிலிலும் வேண்டாம், அது ஸ்டேஷனைத் தொடங்கியவருடையதாக இருந்தாலும். இரண்டு கட்ட உறுதிப்பாட்டு எண் யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள். பொறுப்புப் பேராசிரியர் போனுக்கு வந்தால் நல்லது.

ஒரு நோட்டு வாங்கி, மைக் எந்தத் துளையில் செருகுவது என்பதிலிருந்து சர்வரை மறுதொடக்கம் செய்வதுவரை தமிழில் எழுதி, அறையிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கணினிக்குள் வைத்த கோப்பு கணினி பழுதாகும் அன்று உதவாது. கூத்துக் கலைஞர்களிடம் வாங்கிய ஒப்புதல் தாள்களும் அதே நோட்டோடு இருக்கட்டும். மாசி மாதமே முதலாண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் அவர்கள் ஒலிபரப்ப, மூத்தவர்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள். கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள். கடைசி வேலையாக, டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டு, அறைச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.